கல்பஞ்சு நாற்று

“எனக்கு இந்தக் கோபம் வேணாம் அம்மை. எடுத்துடுங்க.”

வடிவம்மை பிளாஸ்டிக் தட்டு ஒன்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எப்போலேர்ந்து இருக்குது?”

“தம்பி செத்ததுலேர்ந்து.”

“அதுக்கு முன்னாடி இல்லையா?”

நவநீதம் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“இருந்துச்சு. பால் பொங்குற மாதிரி வரும். ஊதினா அடங்கிடும். இது அடங்க மாட்டேங்குது. சோறு இறங்கல. கோயில்ல நின்னு கும்பிட்டாலும் வாயில சாபம்தான் வருது.”

“எடுத்துட்டு இன்னா பண்ணப் போற?”

“கோர்ட்டுல சாட்சி சொல்லணும்.”

அப்போதுதான் வடிவம்மை தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

*

நவநீதம் ஆற்றங்கரையில் ஒரு தோல் கம்பெனியில் தோல் பிரிக்கும் வேலை செய்தவள். ஐம்பதை நெருங்கிய வயது. கல்யாணமாகி ஆண்டு திரும்புமுன் தாலியை இழந்து, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். அம்மா கண்ணை மூடியபோது தம்பி ஏகாம்பரம் பால்பல் விழாத பிள்ளை. அவனை வளர்த்தது அவள். அவனுக்குப் பெண் பார்த்தது அவள். மேஸ்திரியின் காலைப் பிடித்து அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இதை மட்டும் அவள் யாரிடமும் இரண்டாம் முறை சொல்லமாட்டாள்.

ஒருநாள் கம்பெனியின் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. சம்பங்கி மேஸ்திரி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் வாயு போகக் கொஞ்ச நேரம் விடலாமே என்று அவன் தயங்கினான்.

“உள்ள ஒண்ணும் இல்லடா, இறங்கு” என்றார் மேஸ்திரி.

இடுப்பில் கயிறு இல்லை. மூக்கில் ஒரு துணிகூட இல்லை. இறங்கியவன் ஏறவில்லை.

மேஸ்திரி சொன்னதைக் கேட்டவர்கள் மூன்று பேர். வழக்கு நடந்தபோது இரண்டு பேர் கூண்டில் ஏறி, மெஷின் சத்தத்தில் எங்கள் காதில் எதுவும் விழவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். மிச்சம் இருந்தது நவநீதம்.

அவள் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் குழைவாகத்தான் ஆரம்பித்தார்.

“உங்க தம்பி குடிப்பாராம்மா?”

“எப்பவாவது.”

“அன்னைக்கும் குடிச்சிருந்தார். யாரும் சொல்லாம போதையில தானே போய் இறங்கிட்டார். அப்படித்தானே?”

அதற்குமேல் அவளுக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது சம்பங்கியின் சட்டைக் காலர் அவள் கையில் இருந்தது. இரண்டு பெண் போலீஸ்காரர்கள் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

வெளியே வராந்தாவில் அரசு வக்கீல் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். சின்னப் பெண். குரல் கம்மியிருந்தது.

“அவங்களுக்கு வேண்டியது இதுதாம்மா. நீங்க கத்தினா அவங்க ஜெயிச்சாங்க. அடுத்த வாய்தாவுலயும் இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அங்கிருந்து நேராக பஸ் ஏறி வந்தவள்தான் இப்போது வடிவம்மை முன்னால் நின்றாள்.

*

வடிவம்மைக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. காவி கட்டுவதில்லை. உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. ஊருக்கு வெளியே பாறை மேட்டில் அவளுக்கு ஒரு மடம் இருந்தது. மடம் என்றால் ஒரு ஓட்டு வீடு, ஒரு மழைநீர்த் தொட்டி, பச்சை நிழல்வலை கட்டிய நீளமான ஒரு கொட்டகை. அவ்வளவுதான். மனக்குறை சொல்லி அங்கே வருகிறவர்களுக்கு அவள் வேலை கொடுப்பாள். பாதிப்பேர் மறுநாளே கிளம்பிவிடுவார்கள்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் மண் கெட்டு வெகுகாலம் ஆயிற்று. தோல் கழிவு இறங்கி இறங்கி, கிணற்றுத் தண்ணீர் நாக்கில் வைத்தால் கரித்தது. விதை போட்டால் முளைக்காது, முளைத்தால் நிற்காது. அதனால் வடிவம்மை நாற்றை மண்ணில் போடுவதில்லை. கல்பஞ்சில் போட்டாள். கல்லை உருக்கி நூலாக இழுத்து, கட்டி கட்டியாக வெட்டி வரும் பஞ்சு அது. பெரிய தோட்டக்காரர்கள் ராக்வூல் என்பார்கள். ஒவ்வொரு கட்டியின் தலையிலும் ஒரு சின்னக் குழி. குழிக்கு ஒரு விதை. வளர்ந்த நாற்றை ஊர்ப் பெண்கள் வாங்கிப்போய், தென்னைநார்த் தூள் நிரப்பிய வாளியிலும் டப்பாவிலும் நட்டு, வாசலிலேயே கத்தரியும் தக்காளியும் பறித்தார்கள்.

“இந்தா” என்று வடிவம்மை ஒரு தட்டை நீட்டினாள். கட்டிகளில் கத்தரி அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது.

“இது எதுக்கு?”

“பார்த்துக்கோ.”

“நான் கோபத்தைப் பத்திக் கேட்டேன் அம்மை.”

“தண்ணி ஊத்துக்கா” என்றாள் வடிவம்மை. தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

*

நவநீதம் ஊற்றினாள்.

காலையில் எழுந்ததும் ஊற்றினாள். வெயில் ஏறியதும் ஊற்றினாள். சாப்பிட்ட கையோடு ஊற்றினாள். தட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம், குழந்தைக்குத் தாகமாயிருக்குமோ என்று தவிக்கிற தாயைப்போல ஒரு குவளை ஊற்றினாள். சம்பங்கியின் முகம் கண்ணில் வந்தால் இன்னும் ஒரு குவளை.

கட்டிகளின் தலையில் பச்சைப் பாசி படர்ந்தது. பிறகு நாற்றுகளின் கழுத்து கறுத்து, நூலாக மெலிந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒரு காலையில் தட்டு முழுக்கப் படுத்துக்கிடந்தது.

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வடிவம்மை முன்னால் போய், சத்தம் வரும்படி வைத்தாள்.

“பாருங்க!”

“செத்துப்போச்சு.”

“நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க?”

“ஆமா.”

“ஊத்தினேன். விடாம ஊத்தினேன். பெத்த பிள்ளை மாதிரி பார்த்தேன். இதுங்களுக்கு என்ன கேடு?”

வடிவம்மை ஒரு கட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“எப்படி இருக்குது?”

“ஈரமா இருக்குது.”

“அது தெரியுது. கனமா, லேசா?”

“கனம்.”

“இதுக்குள்ள தண்ணி இருக்குது. வேற எதுக்காவது இடம் இருக்குதா?”

“வேற எது வேணும்?”

வடிவம்மை பதிலுக்குக் கையை நீட்டி அவள் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினாள்.

நவநீதம் திமிறினாள். பொத்திய கை இறுகியது. கண்ணில் நீர் வந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிவிட்டு, நெஞ்சு விம்ம மூச்சு வாங்கினாள்.

“பைத்தியமா உங்களுக்கு?” என்று கத்தினாள். “என் தம்பி அப்படித்தான் செத்தான்!”

“தெரியும்” என்றாள் வடிவம்மை.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

“தினம் தூக்கிப் பாரு. கனமா இருந்தா கீழ வை. லேசா இருந்தா ஊத்து.”

*

அன்றே போய்விடலாம் என்று நவநீதம் பையை எடுத்தாள். வாசல் வரை போனாள். எங்கே போவது? கம்பெனியில் அவளை உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

மறுநாளிலிருந்து அவள் கட்டிகளைத் தூக்கிப் பார்த்தாள். முதலில் எல்லாம் ஒரே கனமாகத்தான் தெரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. நேற்றைய கனம் இன்று இல்லை என்று விரல்கள் சொல்லின. ஓரத்துக் கட்டி நடுக்கட்டியைவிட முன்னாலேயே லேசாகிவிடும் என்பதும் தெரிந்தது.

புதுக் கட்டிகளை ஊறப்போடவும் வடிவம்மை கற்றுக்கொடுத்தாள். கல்லுக்குள் சுண்ணாம்புக் குணம் இருக்கிறது. அப்படியே விதைத்தால் வேர் ஏற்காது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் ஊறவேண்டும். காய்ந்த கட்டியைத் தொட்டால் கையெல்லாம் அரித்தது. நனைந்தபின் அரிப்பில்லை.

“ஊறினதும் எடுத்து உதறு. பிழியாதே.”

“பிழிஞ்சா என்ன?”

“பிழியாதே.”

ஒரு நாள் தம்பி பெண்டாட்டி குணவதி மேட்டில் ஏறி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

“விட்டுடுக்கா” என்றாள்.

நவநீதம் கையில் ஒரு கட்டி இருந்தது.

“எதை?”

“கேஸை. மேஸ்திரி வீட்டுக்கு வந்திருந்தாரு. அழுதாரு.”

“அழுதானா?”

“நீ சாட்சி சொல்லலைன்னா கம்பெனியில எனக்கு வேலை போட்டுத் தர்றாங்களாம். நிரந்தரமா.”

“உன் புருசனைத் தின்ன கம்பெனியிலயா?”

“வேற எந்தக் கம்பெனி இருக்குது இந்த ஊர்ல?” குணவதியின் குரல் ஏறியது. “நீ இங்க வந்து செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு உக்காந்திருக்கே. நான் தினம் அந்த கேட்டு வழியாத்தான் போறேன் வர்றேன். பிள்ளைங்களைக் கூட்டிக்கினு அந்த வாசனையிலதான் தூங்குறேன். உனக்குக் கோபம் இருக்குது, அதை வச்சிக்கினு பொழைப்பே. எனக்கு அது சோறு போடுமா?”

நவநீதத்தின் கை இறுகியது. விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. குணவதி இறங்கிப் போனபின்தான் அவள் கையைத் திறந்தாள். நாற்று கூழாகியிருந்தது. கட்டி அப்பளமாகத் தட்டையாகியிருந்தது.

அவள் அதைத் தண்ணீரில் போட்டாள். பஞ்சு ஊதிக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அது ஊதவில்லை. இரண்டு விரலால் பிரித்து இழுத்துப் பார்த்தாள். பழைய உருவத்துக்கு வரவில்லை.

வடிவம்மை பின்னால் நின்றாள்.

“பஞ்சு மாதிரி இருக்குது” என்றாள். “பஞ்சு இல்ல.”

*

அன்று நவநீதம் ஒரு முடிவுக்கு வந்தாள். இனி கோபமே படுவதில்லை.

காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பாறை ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். சம்பங்கி நினைவில் வந்தால், அவனும் ஒரு மனுஷன் என்று சொல்லிக்கொண்டாள். வக்கீல் வந்தால், அவர் பிழைப்பு அது என்று சொல்லிக்கொண்டாள். தம்பி வந்தால், போகவேண்டிய நேரம் போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல உள்ளே எல்லாம் மரத்து, கை கால் யாருடையதோ போல ஆயிற்று. அது நன்றாகத்தான் இருந்தது. யார் பேசினாலும் புன்னகை செய்தாள். மெதுவாக நடந்தாள்.

வடிவம்மை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மதியம், உட்கார்ந்திருந்த நவநீதத்தின் எதிரே வந்து நின்றாள். கையில் தண்ணீர்க் குவளை.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க அம்மை.”

“உன் தம்பி குடிச்சிட்டுத்தானே இறங்கினான்?”

நவநீதத்தின் இமை ஒருமுறை துடித்தது. பிறகு அவள் புன்னகை செய்தாள்.

“சொல்றவங்க சொல்லட்டும்.”

“மேஸ்திரி அவனை இறங்கச் சொல்லவே இல்லையாமே?”

“எல்லாம் விதிங்க அம்மை. அவரைச் சொல்லி என்ன?”

குவளைத் தண்ணீர் முழுக்க அவள் முகத்தில் விழுந்தது.

“எழுந்திருடீ!” என்றாள் வடிவம்மை.

அந்தக் குரலை மடத்தில் யாரும் கேட்டதில்லை. கொட்டகையில் விதை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதைத்தான் கோர்ட்டுல போய்ச் சொல்லப் போறியா? இதுக்கா என் பாறையைத் தேய்ச்சிக்கினு உக்காந்தே? செத்தவன் உன் தம்பியா, விதியோட தம்பியா?”

நவநீதம் எழுந்தாள். முகத்திலிருந்து விபூதி கரைந்து வழிந்தது.

“கத்தினா கேஸு போச்சுன்றாங்க! கத்தாம இருந்தா நீங்க தண்ணியை மூஞ்சில ஊத்துறீங்க! கோபத்தை எடுங்கன்னு உங்க கால்ல விழுந்தேன். எடுத்துக் காமிச்சா அதுவும் தப்பா? நான் என்னதான் பண்ணட்டும்? சொல்லுங்க! குருன்னு உக்காந்திருக்கீங்களே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

“உன் தட்டை எடுத்துக்கினு வா.”

“இப்பவும் தட்டா!”

“போய்ப் பாரு.”

அவள் தரை அதிர மிதித்துக்கொண்டு போனாள். தட்டைத் தூக்கினாள். கை சட்டென்று மேலே வந்துவிட்டது. எடையே இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் அதைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. கட்டிகள் வெளுத்துக் காய்ந்திருந்தன. நாற்றுகள் இலையைக் கீழே தொங்கவிட்டு, தலை கவிழ்ந்து நின்றன.

“ஐயோ” என்றாள்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெரிய தட்டில் தண்ணீர் நிரப்பி, அதில் நாற்றுத்தட்டை மெல்ல இறக்கினாள். கட்டிகள் அடியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டன. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராமல் அங்கேயே குந்தியிருந்தாள். வெயில் சாய்ந்தபோது சில நாற்றுகள் கழுத்தை நிமிர்த்தின. சில நிமிரவே இல்லை.

தட்டை எடுத்துச் சாய்த்து, நின்ற தண்ணீரை வடித்தாள். அப்புறம் கோபம் திரும்பி வந்துவிட்டது.

*

அதன்பின் அவள் பாறையில் உட்காரவில்லை.

நாற்றுகள் மூன்றாவது இலையும் நான்காவது இலையும் விட்டன. வெறும் தண்ணீர் போதாமல் இலை வெளுத்தபோது, கொஞ்சமாக உரம் கரைத்துக் கொடுத்தாள். இரவில் தட்டின்மேல் மூடிய பாலித்தீன் தாளைக் காலையில் எடுத்துக் காற்று விட்டாள். வெயிலைத் தேடி நாற்று ஒரு பக்கம் நீண்டால் தட்டைத் திருப்பி வைத்தாள். வேலைக்கு நடுவில் திடீரென்று சம்பங்கி நினைவுக்கு வருவான். பல்லைக் கடிப்பாள். தொண்டை வரைக்கும் சூடேறும். ஆனால் கட்டியைத் தூக்கிய கை அதே பதத்தில் தூக்கி, அதே பதத்தில் வைக்கும்.

“இன்னும் திட்டுறியா அவனை?” என்று வடிவம்மை ஒருநாள் கேட்டாள்.

“திட்டாம? நாசமாப் போறவன்.”

“சரி” என்றாள் வடிவம்மை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வாய்தாவுக்கு முந்தின நாள், கட்டிகளின் அடியில் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. வடிவம்மை நார்த்தூள் நிரப்பிய டப்பாக்களை வரிசையாக வைத்தாள்.

“இன்னிக்கு நட்டுடலாம். நாற்றை எடுத்துட்டு, அந்தக் கட்டியைத் தூக்கிப் போடு.”

“கட்டியைவிட்டு எடுக்கணுமா?”

“ஆமா. கல்லுதானே. செடிக்கு எதுக்குக் கல்லு?”

நவநீதம் ஒரு நாற்றை எடுத்து, தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பட்டென்று அறுந்தது. தண்டு கையில், வேர் கட்டியில்.

அடுத்ததை எடுத்தாள். இம்முறை கட்டியை ஓரத்திலிருந்து நூல்நூலாகப் பிய்த்தாள். கல்பஞ்சு பிரியப் பிரிய வேரும் கூடவே பிய்ந்தது. எது நார், எது வேர் என்று தெரியவில்லை. அதுவும் போயிற்று.

மூன்றாவதைத் தண்ணீரில் முக்கி, ஊசியால் ஒவ்வொரு இழையாக விலக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் கையில் வந்தது ஒரு மொட்டைத் தண்டு. முனையில் நாலு வெள்ளை மயிர்.

“நல்லா எடு” என்றாள் வடிவம்மை. “இன்னும் கொஞ்சம் பொறுமையா.”

“முடியாது!”

“முயற்சி பண்ணு.”

“முடியாதுங்கறேன்!” நவநீதம் ஊசியை வீசியெறிந்தாள். “உங்களுக்குக் கண்ணு தெரியலையா? ஒவ்வொண்ணா சாகுது. வாடி வதங்கினதை நான்தான் தூக்கி நிறுத்தினேன். இதையும் கொல்லச் சொல்றீங்களா? வேரு கல்லுக்குள்ள போயிடுச்சு. கல்லு வேருக்குள்ள போயிடுச்சு. இனிமே பிரிக்க முடியாது. இப்படியேதான் நடணும்!”

“கல்லோடவா?”

“கல்லோடத்தான்! இருந்துட்டுப் போகட்டும். அதுக்குள்ள பொறந்துதானே இத்தனை வளர்ந்துச்சு? அது பாட்டுக்கு அது உள்ள கிடக்கும். வேரு பாட்டுக்கு அதைத் தாண்டி வெளிய போகும். யாரு வேணாம்னா?”

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள்.

கொட்டகை வலைக்குமேல் காற்று சரசரத்துப் போயிற்று. அவள் கையில் நாலாவது நாற்று, கட்டியோடு இருந்தது.

வடிவம்மை அங்கே இல்லை. அவள் தொட்டியடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“மீதியை நட்டுட்டுக் கிளம்புக்கா” என்று அங்கிருந்தே சொன்னாள். “பஸ் போயிடப் போவுது.”

*

கோர்ட்டில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. குணவதி வரவில்லை. சம்பங்கி மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண் போலீஸ்காரர்களை இம்முறை கூண்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள்.

வக்கீல் எழுந்தார். அதே குழைவு.

“உங்க தம்பி குடிப்பார்.”

“எப்பவாவது.”

“அன்னைக்குக் குடிச்சிருந்தார்.”

கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த நவநீதத்தின் விரல்கள் வெளுத்தன. தொண்டையில் சூடு ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள்.

“இல்ல” என்றாள்.

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என் பக்கத்துல உக்காந்து கூழ் குடிச்சான். நான்தான் ஊத்தினேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கேட்டுக்குள்ள போனோம். அவன் இறங்குறவரைக்கும் என் கண்ணுலேர்ந்து மறையல.”

வக்கீல் கையிலிருந்த தாளைப் புரட்டினார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்தார்.

“என் கட்சிக்காரர் மேல உங்களுக்குக் கோபம்.”

அரசு வக்கீல் பெண் எழுதுவதை நிறுத்தினாள். பெண் போலீஸ்காரர்களில் ஒருத்தி அரை அடி முன்னால் வந்தாள்.

“ஆமா” என்றாள் நவநீதம்.

“சாதாரணக் கோபம் இல்ல.”

“ஆமாங்க. சாதாரணக் கோபம் இல்ல.”

“இதே இடத்துல அவர் சட்டையைப் பிடிச்சு அடிக்கப் போனீங்க.”

“போனேன்.”

“இப்பவும் அந்தக் கோபம் இருக்கு.”

“இருக்குது. கை நடுங்குது பாருங்க.” அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். நிஜமாகவே நடுங்கியது.

வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பி, இனி நான் என்ன சொல்ல என்பதுபோல லேசாகச் சிரித்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“ஆக, இவ்வளவு கோபத்தை வச்சுக்கிட்டுத்தான், அவர் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் சொன்னதா இங்க வந்து சொல்றீங்க. இல்லையா?”

சம்பங்கி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். நவநீதம் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

“இல்ல சார்” என்றாள். “‘உள்ள ஒண்ணும் இல்லடா, இறங்கு’ன்னாரு. அதைக் கேக்கும்போது எனக்கு இவர்மேல கோபமே இல்ல. தம்பிக்கு வேலை போட்டுக் குடுத்த மனுஷன்னு கையெடுத்துக் கும்பிட்டுக்கினு இருந்தேன். கோபம் அப்புறம்தான் வந்துச்சு. காதுல விழுந்தது அதுக்கு முன்னாடி.”